வழக்கேறிய அயல்தொடர்கள்: ஆங்கில மரபுத்தொடர்கள் தமிழுக்கு வந்த வரலாறு

ஒரு மொழியைக் கற்க முனைவார்க்குச் சொற்கள் முதலில் வசப்படுகின்றன. இலக்கணம் அடுத்து வசப்படுகிறது. மரபுத்தொடர்களோ இறுதியில்தான் வசப்படுகின்றன. சொல்லுக்கு அகராதி உண்டு. புணர்ச்சிக்கும் வேற்றுமைக்கும் நூற்பா உண்டு. 'கம்பி நீட்டினான்' என்றால் ஓடிப்போனான் என்றும், 'கை நீளம்' என்றால் திருட்டுக் குணம் என்றும் உணர்வதற்கு அம்மக்களோடு உண்டு உறவாடிய பழக்கமே துணை. சொற்களின் பொருளைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் கிடைக்காத ஒரு பொருள் தொடர் முழுமைக்கும் உண்டாகிவிடுகிறது. அதனாலேயே மரபுத்தொடர் ஒரு சமுதாயத்தின் நினைவுப் பெட்டகம் எனப்படுகிறது.

தமிழ் இலக்கணம் இதனை அறியாததன்று. வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பகுத்த நன்னூலார், தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் அடக்கினார். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. பிறமொழிச் சொற்கள் வந்து கலத்தலைத் திசைச்சொல், வடசொல் எனப் பெயரிட்டு இலக்கணிகள் ஏற்றனர். ஆனால் சொல் தமிழாகவும் கருத்து அயலாகவும் அமைந்து வரும் தொடர்க்கடனைப் பற்றித் தனியே ஓதினாரில்லை. 'சிவப்பு நாடா', 'பச்சைக்கொடி', 'முதலைக் கண்ணீர்' என்பவற்றில் ஓர் எழுத்தும் அயலெழுத்தன்று. ஆயினும் அவை கடல் கடந்து வந்தவை. சொற்கடன் கண்ணுக்குத் தெரியும். தொடர்க்கடன் எளிதில் தெரியாது. இக்கடனின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகிறது.

பூதபுரியின் இருமொழி மரபு

இவ்வாராய்ச்சிக்கு ஸ்ரீபெரும்புதூர் பொருத்தமானதொரு நிலைக்களம். இராமானுசர் தோன்றிய இவ்வூர், இருமொழிக் கூட்டுறவால் விளைந்த ஓர் உரைநடை மரபின் தலைவாயிலில் நிற்கிறது. அவருடைய மாணாக்கர் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு எழுதிய ஆறாயிரப்படியே அந்நூலின் முதல் உரை. அது வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் விரவிய மணிப்பிரவாள நடையில் அமைந்தது. அம்மரபில் வந்த வைணவ இல்லங்களில் ஒரு தனிப் பரிபாடையும் வளர்ந்தது. சமையல் தளிகை ஆயிற்று. கறி கறியமுது ஆயிற்று. பாயசம் திருக்கண்ணமுது ஆயிற்று. இறந்தவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அயல்மொழியை எதிர்கொண்ட ஒரு கூட்டம் தன் மொழியை இழந்துவிடாமல், அன்றாடச் செயல்கள் அனைத்துக்கும் புதுத் தொடர் கண்ட வரலாறு இது.

வைணவர் சாற்றமுது என்றதன் உறவுப் பண்டமாகிய மிளகுத்தண்ணீரை அதே தொண்டை மண்டலத்தின் கடற்கரையில் குடியேறிய ஆங்கிலேயர் 'மல்லிகட்டானி' ஆக்கினர். 1639இல் இடம் பெற்று அடுத்த ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பத் தொடங்கிய கிழக்கிந்தியக் கும்பினியார்க்கும் உள்நாட்டார்க்கும் இடையே துபாஷிகள் நின்றனர். இருமொழியாளர் என்பதே அச்சொல்லின் பொருள். அவர்கள் வழியாகவும் சந்தை வழியாகவும் சமையலறை வழியாகவும் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏறின. கட்டுமரம், சுருட்டு, கறி ஆகியவை யாவரும் அறிந்தவை. அவை ஆங்கிலத்தில் பெற்ற மரபுப்பொருள்கள் அவ்வளவாக அறியப்படாதவை. சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கு மிளகுத்தண்ணீரின் பெயரைச் சுருக்கி 'மல்' என்று பட்டப்பெயர் வழங்கிற்று. கட்டுமரம் என்னும் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சில் சண்டைக்காரப் பெண்ணைக் குறித்தது. மீனவர் மரத்துக்கும் வாயாடிப் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று தமிழர் எவரும் ஊகித்திரார். வேற்றிடம் புகுந்த சொல் வேற்றுப்பிறவி எடுக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இத்தகைய வழக்குகளைத் திரட்டிய பேரகராதி 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்'. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான ஏ.சி. பர்னல், தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். நூல் வெளிவருமுன் 1882இல் மறைந்தார். மற்றவர் ஹென்றி யூல். நூலின் பெயரே ஒரு பாடம். முகரம் நாளில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் துயரக் குரல் ஆங்கிலப் படைவீரர் காதில் ஹாப்சன் ஜாப்சன் எனக் கேட்டது. பொருள் விளங்காதபோது ஒலியைப் பற்றிக்கொண்டு தனக்குப் பழகிய பெயர்களாக மாற்றிக்கொள்வது மக்கள் மொழியின் இயல்பு.

பாதிரிமாரும் பள்ளிக்கூடமும்

எதிர்த்திசையில், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, தொடர்கள் வந்த வழிகள் மூன்று: சமயம், பள்ளி, செய்தித்தாள்.

ஆங்கில மரபுத்தொடர்கள் பல 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பால் நிலைபெற்றன. அத்தொடர்கள் பல தமிழுக்கு ஆங்கிலத்தின் வழியாக வராமல் நேரே விவிலியத்தின் வழியாகவே வந்தன. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது; பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு ஆக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் அவ்வாறு வந்ததே. ஆனால் தோல் போர்த்தல் தமிழுக்குப் புதிதன்று. வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் புலித்தோல் போர்த்து மேயும் பசுவைக் காட்டினார். பின்னைய மக்கள் வழக்கோ அதனைத் தலைகீழாக்கிப் பசுத்தோல் போர்த்திய புலி என்றது. வள்ளுவர் காட்டியது வலிமையற்றவன் பூண்ட வல்லுருவம். ஓநாயும் புலியும் காட்டுவது கொடியவன் பூண்ட மெல்லுருவம். மேலோட்டமாக ஒன்றுபோல் தோன்றும் மூன்றும் பொருளால் வேறு. ஒன்றுக்கு மற்றொன்றை ஈடாக எழுதும் மொழிபெயர்ப்பாளர் இங்கு நிதானிக்க வேண்டும்.

அதே பெர்சிவல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. 1897இல் ஜென்சன் என்னும் டேனியப் பாதிரியார் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்துப் பதிப்பித்தார். தம் சமயத்தைப் பரப்ப வந்தோர் மக்கள் நாவிலிருந்த வழக்குகளைத் திரட்டி வைத்த நன்றி இவர்கள்பால் தமிழுக்கு உண்டு.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் ஆங்கில மரபுத்தொடர் தேர்வுக்குரிய பாடமாயிற்று. 'பின்வரும் தொடர்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக' என்னும் வினா தலைமுறை தலைமுறையாக மாணவர் நெஞ்சில் அச்சத்தை விதைத்தது. ரென், மார்ட்டின் என்னும் இருவர் பெயரால் வழங்கிய இலக்கண நூல் வீடுதோறும் புகுந்தது. நல்லாசிரியர்கள் இவ்விடத்தில் ஓர் உத்தியைக் கையாண்டனர்: பொருளைச் சொல்லாமல் ஈடான தமிழ் வழக்கைச் சொன்னார்கள். நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதல் என்றால் கொல்லன் தெருவில் ஊசி விற்றல். பேய்க்கும் ஆழ்கடலுக்கும் இடைப்பட்ட நிலை என்றால் இருதலைக்கொள்ளி எறும்பு. இவ்வுவமை அகநானூற்றிலும் திருவாசகத்திலும் பயின்றது. பீட்டரைக் கொள்ளையிட்டுப் பாலுக்குக் கொடுத்தல் என்பதன் அருகே கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தல் நிற்கும். ஒரே கல்லால் இரு பறவைகளைக் கொல்வது ஆங்கிலம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பது தமிழ். முன்னது வேட்டுவன் நினைவு. பின்னது தோப்பில் திரிந்த சிறுவனின் நினைவு. இந்த ஒப்பீட்டால் மாணவர் ஆங்கிலத்தை மட்டுமன்றித் தம் தாய்மொழியையும் கற்றனர்.

பொருள் வந்தது, தொடர் வேரூன்றியது

எல்லா ஆங்கிலத் தொடரும் தமிழில் நிலைத்துவிடவில்லை. நிலைத்தவற்றையும் நிலையாதவற்றையும் ஒப்புநோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும்.

முதலாவது, தொடருக்கு அடிப்படையான பொருளை மக்கள் கண்ணால் கண்டிருக்க வேண்டும். 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புகைவண்டி ஓடிற்று. தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை அது. கொடியும் கைகாட்டியும் தண்டவாளமும் மக்கள் பார்வைக்கு வந்தன. பச்சைக்கொடி காட்டுதல், தடம் புரளுதல் ஆகிய தொடர்கள் எளிதில் வேர்விட்டன. இங்கிலாந்தில் அரசு ஆவணங்களைச் சிவப்பு நாடாவால் கட்டும் வழக்கத்தினின்றும் பிறந்த 'சிவப்பு நாடா', கச்சேரியில் கட்டுக்கட்டாகக் கோப்புகளைக் கண்டு காத்துநின்ற இந்நாட்டாருக்கு உரை வேண்டாமலே விளங்கிற்று. மாறாக, பனிப்பாறையின் முகடு என்பது கட்டுரைகளில் காணப்படினும் நாட்டுப்புறப் பேச்சில் நுழையவில்லை. கடலில் மிதக்கும் பனிமலையை இந்நாட்டார் கண்டதில்லை.

இரண்டாவது, உடம்பின் உணர்வோடு அது ஒத்துப்போக வேண்டும். குளிர்நாட்டார்க்கு வெம்மை இன்பம். வெப்ப நாட்டார்க்குத் தண்மை இன்பம். கண் குளிரக் கண்டோம், உள்ளம் குளிர்ந்தது, வயிறு குளிர வாழ்த்தினாள் என்பன தமிழ். வயிற்றெரிச்சல் என்பதோ பொறாமை. ஆகவே ஆங்கிலத்தார் வெதுவெதுப்பாக வரவேற்பதைச் 'சூடான வரவேற்பு' என மொழிபெயர்த்தால் வரவேற்றவர் சினந்தார் என்றே தோன்றும். ஆனால் 'சூடான விவாதம்' வழக்கேறியது. சூடு சினத்தைக் குறிப்பது தமிழிலும் உண்டாதலின்.

மூன்றாவது, வல்லதொரு சொந்த வழக்கு முன்னரே இருக்குமாயின் வந்தது தோற்கும், அல்லது பொருள் திரிந்து வாழும். கறுப்பு ஆடு என்னும் தொடரை நோக்குக. இங்கிலாந்தில் கறுப்புக் கம்பளத்துக்குச் சாயம் ஏறாது, விலை குறைவு, எனவே மந்தையில் கறுப்புக் குட்டி இழுக்கு. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கங்களில் மேயும் 'சென்னைச் சிவப்பு' இனச் செம்மறிக்குக் கம்பளமே கிடையாது. உடலில் இருப்பது மயிரே. வெள்ளாடுகளோ பெரிதும் கறுப்பு. ஆகவே இத்தொடரின் காரணம் இங்கு யாருக்கும் தெரியாது. காரணம் அற்றுப்போகவே பொருளும் மாறிற்று. ஆங்கிலத்தில் குடும்பத்துக்கு இழுக்குத் தேடியவனைக் குறித்த தொடர், தமிழ் அரசியல் மேடையில் உள்ளிருந்தே காட்டிக்கொடுப்பவனைக் குறித்தது. அப்பொருளுக்குத் தமிழில் உரியது குலத்தைக் கெடுக்கும் கோடரிக்காம்பு. மரத்தில் பிறந்து மரத்தையே வெட்டத் துணைபோகும் காம்பின் துரோகம் எந்த ஆட்டின் நிறத்திலும் இல்லை.

முதலைக் கண்ணீரின் கதையும் அத்தகையது. இரையைத் தின்னும்போது முதலை அழும் என்பது இடைக்கால ஐரோப்பியரின் நம்பிக்கை. தொண்டை மண்டலத்தின் வழக்கோ நீலிக் கண்ணீர். ஸ்ரீபெரும்புதூருக்கு வடமேற்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் கதை அது. முற்பிறப்பில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க நீலி பெண்ணுருக் கொண்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவன் என்று அழுதாள். வேளாளர் எழுபதின்மர் அவள் கண்ணீரை நம்பி அவன் உயிருக்குப் பிணை நின்றனர். அவன் மாண்டதும் சொன்ன சொல் காத்துத் தீப்புகுந்தனர். முதலைக் கண்ணீரில் உள்ளது வஞ்சம் ஒன்றே. நீலிக் கண்ணீரில் வஞ்சமும் உண்டு. வஞ்சிக்கப்பட்ட பெண்ணின் பழைய துயரும் உண்டு. வாய்மைக்கு உயிர் கொடுத்தோர் நினைவும் உண்டு. செய்தித்தாள் தமிழில் முதலை முந்தியது; அதனால் இழந்தது ஊர்க்கதை ஒன்று.

நிறங்களும் இவ்வாறே முரண்படுகின்றன. 1890களில் நியூயார்க் நாளிதழ்களின் போட்டியில் பிறந்த பெயர் மஞ்சள் பத்திரிகை. திருமண ஓலையின் மூலையில் மஞ்சள் தடவும் நாட்டில் அது இழிபொருளோடு நிலைத்தது. கடனாளி நொடித்துப்போவதை 'மஞ்சள் கடுதாசி கொடுத்தான்' என்பது முன்னரே உள்ள வழக்கு. மங்கலம், இழிவு, நொடிப்பு என முப்பொருளையும் ஒரே நிறம் தாங்குகிறது. 1946இல் சர்ச்சிலின் பேச்சால் உலகெங்கும் பரவிய 'இரும்புத்திரை', 1960இல் வாசன் எடுத்த தமிழ்ப் படத்தின் பெயராயிற்று. அங்கே அது நாடுகளைப் பிரிக்காமல் ஆலை முதலாளியையும் தொழிலாளியையும் பிரித்தது.

ஒரு பெயர் பட்ட பாடு

இதுகாறும் கூறியவை சுவைக்குரிய செய்திகள். வேதனைக்குரிய செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு.

மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாடல் போற்றி எண்ணும் நான்கு குடிகளுள் ஒன்று பறையன் குடி. அப்பெயர் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கில ஏடுகளில் 'பறையா' எனப் புகுந்தது. முதலில் அது குலப்பெயராகவே நின்றது. 1791இல் பெர்னார்தின் த சேன்பியர் எழுதிய பிரெஞ்சுக் கதையும் 1821இல் தெலவீஞ் எழுதிய நாடகமும் அச்சொல்லை ஐரோப்பாவெங்கும் பரப்பின. அவற்றின் நோக்கம் இரக்கமே. விளைவோ வேறு. நாளடைவில் குலம் மறைந்தது; 'எல்லாராலும் விலக்கப்பட்டவன்' என்னும் உருவகம் மட்டும் எஞ்சியது. தெருநாய்க்கும் அப்பெயர் சூட்டப்பட்டது. உலகோர் ஒதுக்கிய அரசுகளுக்கும் சூட்டப்பட்டது. உழைத்து வாழும் ஒரு பெருங்குடியின் பெயரை இழிவுக்கு மறுபெயராக்கிய இம்மரபுத்தொடரை ஆங்கில ஏடுகள் இன்றும் கூசாமல் எழுதுகின்றன.

அப்பெயருக்குரியோர் வாளாவிருக்கவில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் தொடங்கிய தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவென்று எறிந்த சொல்லை உரிமைக்கொடியாக உயர்த்தினார். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வழியே சொற்களின் வரலாற்றையே போர்க்களமாக்கினார். எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று 1922இல் சென்னை அரசு தன் ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயரைக் கைக்கொண்டது. ஒரு வழி இழந்த பெருமையை மீட்டது. மறுவழி புதுப்பெயர் கண்டது. இரண்டும் சொல்லின் வலிமையை உணர்ந்தோர் கண்ட வழிகள்.

மேல்கோட்டையில் தமக்குத் துணைநின்ற தீண்டப்படாதாரை இராமானுசர் 'திருக்குலத்தார்' என்று அழைத்ததாக வைணவ மரபு கூறும். அப்பெயரால் அம்மக்களின் துயர் முற்றும் தீர்ந்ததென்று எவரும் சொல்லார். ஆயினும் இதே மண்ணில் பிறந்த ஒருவர் இழித்த பெயருக்கு மாற்றாக உயர்த்தும் பெயர் கண்டார் என்னும் நினைவு, சொல்லை ஆள்வோர் அனைவர்க்கும் உரியது. மேற்சொன்ன ஆங்கிலத் தொடரைத் தமிழாக்க நேரும்போது ஒலிபெயர்க்காமல் 'ஒதுக்கப்பட்ட நாடு', 'புறந்தள்ளப்பட்டவன்' என எழுதுவதே அறம்.

ஆலை நிலத்தின் தொடர்கள்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலம் மீண்டும் பன்மொழிச் சந்தியாயிற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஏரியும் வயலுமாகக் கிடந்த ஊர்களில் கொரியமும் சப்பானியமும் ஆங்கிலமும் ஒலித்தன. 'கைசென்' என்னும் சப்பானியச் சொல்லை ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் இயல்பாகச் சொல்கின்றனர். நன்னூலார் இன்றிருந்தால் குழூஉக்குறிக்கு இங்கிருந்தே எடுத்துக்காட்டுத் தந்திருப்பார்.

இங்கு புழங்கும் ஆங்கிலத் தொடர்கள் சிலவற்றின் பிறப்பைத் தொழிலாளர் அறிதல் நலம். 'டெட்லைன்' என்பது 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆண்டர்சன்வில் சிறையில் கிழித்த கோடு. அதைத் தாண்டிய கைதி சுடப்படுவான். அதற்குத் தமிழில் 'கெடு' என்னும் ஈரெழுத்துச் சொல் உண்டு. 'ஸ்டிரைக்' என்பது 1768இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் பாய்களை இறக்கிப் பணி மறுத்ததால் வந்த பெயர். தமிழ் அதனை வேலைநிறுத்தம் என்று நேரே சொன்னது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தில் துள்ளத்தில் பிறந்த திரு.வி.க. முதலானோர் ஆலைத் தொழிலாளரிடம் தமிழில் பேசினர். கதவடைப்பு, ஆட்குறைப்பு போன்ற சொற்கள் அத்தகைய மேடைகளாலும் இதழ்களாலும் நிலைபெற்றன. இவை எழுத்தறியாதார்க்கும் விளங்குபவை. ஒருவன் சக்கரத்தில் ஆரக்கட்டையைச் செருகுதல் என்னும் ஆங்கிலத் தொடருக்குத் தேரோடும் ஊர்கள் முன்பே முட்டுக்கட்டை என்று பெயர் வைத்திருந்தன.

இன்றைய இடர் வேறுவகையானது. வேலையினின்றும் நீக்குவதைப் பொன்மயமான கைகுலுக்கல் என்கிறது ஆங்கிலம். ஆட்களைக் குறைப்பதைச் சரியான அளவாக்கல் என்கிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் வெளியேறினர். 'விருப்ப' என்னும் அடைமொழியின் பொருளை அவர்தம் இல்லத்தார் அறிவர். துஞ்சினார் என்னும் மங்கலம் இழவுற்றோர் துயரை ஆற்றப் பிறந்தது; இப்புது மங்கலமோ துயர் கொடுத்தோர் பெயரை மறைக்கப் பிறந்தது. பேச்சுத்தமிழ் இதில் ஏமாறவில்லை. 'சீட்டுக் கிழிந்தது' என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறது.

அயல்தொடர் வருவது குற்றமன்று. பச்சைக்கொடி தமிழை வளப்படுத்தியது. தடம் புரளுதலும் அவ்வாறே. வந்த தொடர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, எந்தச் சொந்த வழக்கை இடம்பெயர்க்கிறது, எவர் மானத்தைத் தொடுகிறது என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டு ஏற்பதே மொழிக்காவல். அக்காவல் அகராதியாரைவிடக் கவிஞரிடமே மிகுதியும் உள்ளது. ஆலைச் சங்கு ஒலிக்கும் இந்நிலத்தில் தொழிலாளர் நாவில் அன்றாடம் பிறக்கும் தொடர்களைச் செவிமடுத்துப் பாட்டில் ஏற்றிவைக்கும் கவிஞர் பெருகுவாராக. பெர்சிவலுக்குப் பழமொழி சொன்ன மக்களின் பெயரன்மாரும் பெயர்த்திமாரும் இன்று மூன்று முறைப் பணி முடித்துப் பேருந்தில் வீடு திரும்புகின்றனர். அவர்கள் பேச்சைத் தொகுக்கும் பணி இனியே தொடங்க வேண்டும்.